உஷ்குலியில் ஒரு ராத்திரி: முதல் தடவை போகிறவர்களுக்கு

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஜார்ஜியா இப்போது கொடைக்கானல் மாதிரி ஆகிவிட்டது. பெருநாள் விடுமுறை வார இறுதியோடு ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், ஷார்ஜாவில் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் தலைநகர் திபிலீசி. போகிறவர்களில் பெரும்பாலோர் திபிலீசியைச் சுற்றிவிட்டு, ஒரே நாளில் கஸ்பேகி மலையைப் பார்த்துவிட்டு, பனியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் நாட்டின் வடமேற்கு மூலையில், ரஷ்ய எல்லையை ஒட்டி, ஸ்வானெத்தி என்று ஒரு மலைப்பகுதி இருக்கிறது. அதன் கடைக்கோடியில் இருக்கும் ஊர் உஷ்குலி. ஆயிரம் வருஷத்துக் கல் வீடுகளும், வீட்டுக்கு வீடு ஒரு கல் கோபுரமும் இருக்கும் ஊர் அது.

நான் இரண்டு தடவை போனேன். முதல் தடவை காலையில் வேனில் போய் மாலையில் திரும்பினேன். மூன்று மணி நேரம், நூற்றைம்பது படம், காலெல்லாம் சேறு. இரண்டாம் தடவை இரண்டு ராத்திரி தங்கினேன். முதல் தடவை நான் பார்த்தது உஷ்குலியே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நீங்களாவது முதல் தடவையே ஒழுங்காகப் போய்விட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் புரிந்துகொள்ளுங்கள்

உஷ்குலி என்பது ஒரே ஊர் இல்லை. எங்குரி ஆற்றின் மேல்பள்ளத்தாக்கில் கூப்பிடு தூரத்தில் அடுத்தடுத்து இருக்கும் சில குக்கிராமங்களுக்கான பொதுப்பெயர். கீழிருந்து மேலாக முர்க்மெலி, சஜாஷி, சிவிபியானி, ஜிபியானி. இதில் சஜாஷியைத்தான் மேல் ஸ்வானெத்தியின் அடையாளமாக 1996இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். தங்கும் விடுதிகள் அதிகம் இருப்பது மேலே இருக்கும் இரண்டிலும். வேன்களும் அங்கேதான் இறக்கிவிடும். இதனால் நிறையப் பேர் சஜாஷிக்குள் கால் வைக்காமலே, அதை மேட்டிலிருந்து படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

உயரம் சுமார் 2,100 மீட்டர், மேல் கிராமங்கள் கொஞ்சம் கூட. நம் ஊட்டி 2,240 மீட்டர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறுமோ என்று பயப்படத் தேவையில்லை, ஊட்டியில் எப்படி இருந்ததோ அப்படித்தான் இருக்கும். ஆனால் உயரம்தான் ஊட்டி. இடம் பூமியின் வடக்கே எங்கோ இருப்பதால் வருஷத்தில் ஆறு மாதம் பனி மூடிக் கிடக்கும். ‘ஐரோப்பாவிலேயே உயரமான ஊர்’ என்று சுற்றுலாக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். ரஷ்யாவின் தாகெஸ்தானில் இருக்கும் குருஷ் இதைவிட உயரம். அங்கே போய் இதைச் சொல்லிச் சண்டை போடாதீர்கள், அவ்வளவுதான்.

எப்போது போவது

ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை. ஜூனில் புல்வெளி முழுக்கப் பூ. ஜூலை, ஆகஸ்டில் கூட்டம். செப்டம்பர் கடைசியில் பூர்ச்ச மரங்கள் மஞ்சளாகும், வானம் தெளியும், அறை வாடகையும் இறங்கும். எனக்கு ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் செப்டம்பர் கடைசி வாரத்தைத்தான் எடுப்பேன்.

குளிர்காலத்தில் பாதை அடைபடும், பனிச்சரிவு வரும். முதல் தடவை போகிறவர்களுக்கு அது வேண்டாம். ஏப்ரல், மே மாதங்கள் இன்னும் மோசம். பனி உருகி ஊரே சேறாக இருக்கும், மலைச்சரிவில் மண்ணும் கல்லும் சரியும்.

ஜூலை 28ஆம் தேதி வாக்கில் போனால் ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு. மெஸ்தியாவிலிருந்து உஷ்குலி போகும் வழியில் காலா என்ற இடத்தில், குன்றின் மேல் இருக்கும் பழைய கோவிலில் அன்றைக்குக் குவிரிகோபா திருவிழா. சுற்றுப்பட்டு ஊர் ஜனம் முழுக்க வந்துவிடும். கிடா வெட்டு, பெரிய அண்டாவில் கறி, மணி அடிப்பது, இளவட்டங்கள் கல் தூக்கிப் பலம் காட்டுவது எல்லாம் உண்டு. நம்மூர் குலதெய்வக் கோவில் கொடையைப் பார்த்தவர்களுக்கு ஒன்றுமே அந்நியமாகத் தெரியாது.

காகிதமும் பணமும்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இ-விசா இருக்கிறது. வளைகுடா நாடுகளின் குடியிருப்பு அனுமதியோ, அமெரிக்க, பிரிட்டன், ஷெங்கன் விசாவோ கையில் இருந்தால் விசா இல்லாமலே போகச் சலுகையும் உண்டு. விதிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள். அதனால் யாரோ போன வருஷம் சொன்னதை நம்பாமல், டிக்கெட் எடுக்கும் முன் அரசின் அதிகாரப்பூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பயணக் காப்பீடு எடுத்துவிடுங்கள். திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் முன்பதிவு, காப்பீடு மூன்றையும் காகிதத்திலேயே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடியேற்றக் கவுன்ட்டரில் போனை நோண்டிக்கொண்டு நிற்பவரிடம் கேள்வி கூடும். முக்கியமாக, தனியாகப் போகும் இளைஞர்கள் இதை அலட்சியப்படுத்த வேண்டாம்.

பணத்தின் பெயர் லாரி. சில்லறைக்குத் தெத்ரி. ‘நூறு லாரி எடுத்துவிட்டேன்’ என்று வீட்டுக்கு போனில் சொன்னால் அம்மா பயந்துவிடுவார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். திபிலீசியில் எங்கும் கார்டு செல்லும். மெஸ்தியாவில் ஏடிஎம் உண்டு. உஷ்குலியில் ஏடிஎம்மை நம்பிப் போகக் கூடாது. தங்குமிடம், சாப்பாடு, வேன், கோபுரத்துக்குள் ஏறக் கொடுக்கும் காசு எல்லாம் ரொக்கம்தான். அதுவும் சின்ன நோட்டாக. மெஸ்தியாவிலேயே மாற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

சிம் கார்டு வாங்கினால் மலைப்பகுதிக்கு மக்தி நிறுவனத்துடையது பரவாயில்லை. அவசர எண் 112.

மெஸ்தியா வரை

ஸ்வானெத்தியின் தலைமை ஊர் மெஸ்தியா. எந்த வழியில் போனாலும் முதலில் அங்கேதான் போக வேண்டும். மூன்று வழி இருக்கிறது.

திபிலீசிக்குப் பக்கத்தில் நதாக்தாரி என்ற சின்ன விமானத் தளத்திலிருந்து குட்டி விமானம் பறக்கும். ஒரு மணி நேரம். மலைக்கு நடுவே, ஜன்னலுக்கு நேராகப் பனிச்சிகரம் தெரிய இறங்குவது அருமைதான். ஆனால் கொஞ்சம் மேகம் வந்தால் ரத்து. காலை ஆறு மணிக்கே எழுந்து போய், இரண்டு மணி நேரம் காத்திருந்து, ‘இன்றைக்கு இல்லை’ என்று கேட்டுவிட்டுத் திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. விமானத்தில் போவதானால் முன்னும் பின்னும் ஒரு நாளைக் கையிருப்பாக வையுங்கள். முக்கியமாக, ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் இதை நம்பி இருக்காதீர்கள்.

இரண்டாவது, திபிலீசியிலிருந்தோ குதைசியிலிருந்தோ மார்ஷ்ருட்கா. நம்மூர் ஷேர் ஆட்டோவின் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளலாம். வேன்தான், ஆனால் தத்துவம் அதே. ஆள் நிரம்பினால் கிளம்பும். திபிலீசியிலிருந்து எட்டு ஒன்பது மணி நேரம் ஆகிவிடும், முதுகு கழன்றுவிடும்.

மூன்றாவதுதான் நான் சொல்வது. திபிலீசியிலிருந்து ரயிலில் ஜுக்திதி. அங்கே ஸ்டேஷன் வாசலிலேயே மெஸ்தியா போகும் மார்ஷ்ருட்காக்கள் காத்திருக்கும். அங்கிருந்து சுமார் 140 கிலோமீட்டர், மூன்று நான்கு மணி நேரம். பாதை முழுக்க எங்குரி ஆற்றோடு போகும். வழியில் 271.5 மீட்டர் உயரமுள்ள எங்குரி அணை. டிரைவர்கள் வழக்கமாக ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்துவார்கள், அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டும் ஆட்கள் முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். எலுமிச்சம்பழம் ஒன்று பையில் இருக்கட்டும்.

மெஸ்தியாவில் ஒரு நாள், அதுவும் ஒரு காரணத்தோடு

நேராக உஷ்குலி போய்விடலாம் என்றுதான் மனசு சொல்லும். கேட்காதீர்கள். மெஸ்தியாவில் ஒரு நாள் இருந்து இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டுப் போனால்தான் உஷ்குலியில் நீங்கள் பார்ப்பது கல்லாக மட்டும் தெரியாமல் வீடாகத் தெரியும்.

ஒன்று, ஸ்வானெத்தி வரலாற்று, இனவரைவியல் அருங்காட்சியகம். சமவெளியில் படையெடுப்பு வரும்போதெல்லாம் ஜார்ஜியக் கோவில்களின் விலையுயர்ந்த பொருட்களை இந்த மலைக்குத்தான் அனுப்பி ஒளித்து வைத்தார்கள். அதனால் இவ்வளவு சின்ன ஊரில் இவ்வளவு பழைய சிலுவைகளும் தெய்வப்படங்களும் கையெழுத்துச் சுவடிகளும். திங்கட்கிழமை பொதுவாக விடுமுறை.

இன்னொன்று மார்கியானி குடும்பத்து வீட்டு அருங்காட்சியகம். கோபுரமும் வீடும் சேர்ந்து அப்படியே இருக்கிறது. ஸ்வானெத்தி மக்களான ஸ்வான்களின் வீடு என்றால் என்ன என்று இங்கேதான் எனக்குப் புரிந்தது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டின் கீழ்த்தளத்துக்கு மச்சுபி என்று பெயர். நம் மச்சு வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் நேர் எதிர், மச்சுபி தரையில் இருக்கிறது. பெரிய, இருட்டான ஒரே கூடம். நடுவில் அடுப்பு. அடுப்புக்கு மேலே, பொறி பறந்து கூரையில் பட்டுவிடாமல் இருக்க ஒரு பட்டைக்கல்லைத் தொங்கவிட்டிருப்பார்கள். சுவரோரமாகச் சுற்றிலும் மரத்தடுப்பு. அந்தத் தடுப்பில் வரிசையாக வளைவு வளைவாகத் துவாரங்கள், அவற்றைச் சுற்றி சூரியன், சக்கரம் என்று செதுக்கு வேலை. முதலில் பார்க்கும்போது பூஜை அறை வேலைப்பாடு மாதிரிதான் இருந்தது. அந்தத் துவாரங்கள் மாடு தலையை நீட்டித் தீனி தின்பதற்கு. தடுப்புக்குப் பின்னால் மாடுகள், அதற்கு மேல் பலகைத் தட்டில் மனிதர்கள் படுக்கை. ஆறு மாதப் பனியில் மாட்டின் மூச்சுச்சூடுதான் வீட்டுக்கு ஹீட்டர். இவ்வளவு அழகான மரவேலையை மாட்டுத் தொட்டிக்குச் செய்திருக்கிறார்களே என்று தோன்றியது. யோசித்தால், ஆறு மாதமும் அவர்கள் கண்ணுக்கு எதிரே இருந்தது அந்த ஒரு தடுப்புதான்.

வீட்டுப் பெரியவருக்கு அடுப்பருகே செதுக்கிய நாற்காலி. மற்றவர்களுக்குப் பெஞ்சு. மேல்தளத்தில் வைக்கோலும் கருவிகளும். கோடையில் அங்கேயே குடியிருப்பு. அந்த மேல்தளத்திலிருந்து ஒரு கதவு கோபுரத்துக்குப் போகும். தலைபோகிற அவசரம் என்றால் குடும்பம் அந்த வழியாகக் கோபுரத்துக்குள் புகுந்துவிடும்.

கோபுரத்தைக் கோஷ்கி என்கிறார்கள். பெரும்பாலானவை 9 முதல் 13ஆம் நூற்றாண்டுக்குள் கட்டியவை. இருபது, இருபத்தைந்து மீட்டர் உயரம், நாலைந்து நிலை. மேலே போகப் போகச் சுவரின் கனம் குறைந்துகொண்டே வரும், அதனால்தான் தூரத்திலிருந்து பார்த்தால் லேசாகக் கூம்பினாற்போல் தெரியும். நிலைக்கு நிலை ஒரு சின்ன ஓட்டை, அதற்கொரு ஏணி. ஏறி முடித்ததும் ஏணியை மேலே இழுத்துவிடலாம். எதிரிப்படைக்குப் பயந்து கட்டியது பாதி, பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பயந்து கட்டியது பாதி. பரம்பரைப் பகை இந்த மலையில் மிக நீண்ட காலம் இருந்தது. ஒரு கொலைக்கு இன்னொரு கொலை என்று தலைமுறை தலைமுறையாகப் போகும். ராஜா கட்டிய கோட்டை இல்லை இவை. ஒவ்வொரு குடும்பமும் தனக்கெனக் கட்டிக்கொண்டது.

மெஸ்தியாவிலிருந்து உஷ்குலி

சுமார் 45 கிலோமீட்டர். சில வருஷம் முன்பு வரை முழுக்க மண்பாதை, இப்போது பெரும்பகுதி கான்கிரீட் ஆகிவிட்டது. மெஸ்தியா நடுத்தெருவில் காலை ஒன்பது மணி வாக்கில் மிட்சுபிஷி டெலிகா வேன்கள் வரிசை கட்டி நிற்கும். ஸ்வானெத்தியின் தேசிய வாகனம் என்றே சொல்லிவிடலாம். ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதைப் பார்த்து நம் ஆட்களுக்கு ஒரு சந்தோஷம் வரும். ஜார்ஜியாவில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள் என்பதால்தான் அப்படி. ஆக, முந்தும்போது எதிரே என்ன வருகிறது என்று டிரைவருக்கு முன்னால் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத்தான் தெரியும்.

டிரைவரிடம் ஏறும் முன்பே இரண்டு விஷயம் பேசிவிடுங்கள். அவர் சொல்லும் விலை போய்வரவா, போக மட்டுமா? நாளைக்கோ மறுநாளோ திரும்ப அவரே ஏற்றிக்கொள்வாரா? பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தங்குகிறேன் என்று சொன்னால் ‘எதற்கு, மூன்று மணி நேரம் போதும்’ என்று சில டிரைவர்கள் சொல்வார்கள். சாயங்காலம் வண்டி நிறைந்து திரும்ப வேண்டும், அது அவர்கள் பிழைப்பு. நீங்கள் சிரித்துக்கொண்டே உறுதியாக இருங்கள்.

வழியில் ஆற்றங்கரைப் பாறை மேல் தன்னந்தனியாக ஒரு கோபுரம். ‘காதல் கோபுரம்’ என்பார்கள், ஒரு கதையும் சொல்வார்கள். பத்து நிமிஷம் நிறுத்துவார்கள். நேரமிருந்தால் அதைவிட இப்ராரி கிராமத்துச் சின்னக் கோவிலைக் கேட்டுப் பாருங்கள். அதன் சுவரோவியங்கள் 1096ஆம் வருஷத்தவை, தெவ்தோரே என்ற அரச ஓவியர் வரைந்தது. நம் ஊரில் முதலாம் குலோத்துங்கன் ஆண்டுகொண்டிருந்த காலம். கோவில் பூட்டியிருக்கும், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். கிடைத்தால் அதிர்ஷ்டம்.

மெஸ்தியாவிலிருந்து நாலு நாள் நடந்தே உஷ்குலி வருகிறவர்களும் உண்டு. ஜபேஷி, அதிஷி, இப்ராரி வழியாக, ராத்திரிக்கு ஒரு கிராமத்தில் தங்கித் தங்கி வருவார்கள். அதிஷிக்கு அப்பால் பனியாற்று ஓடையைக் குதிரை மேல் ஏறித்தான் கடக்க வேண்டும். மலை நடை பழக்கம் இருந்தால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் டெலிகாவே மேல்.

ஊருக்குள் நடப்பது

அறையில் பையை வைத்துவிட்டு, மதியம் மேலே சுற்றாதீர்கள். அந்த நேரத்தில் ஊர் முழுக்க வேன் ஆட்கள். முதலில் கீழே முர்க்மெலி வரை இறங்கிவிட்டு, அங்கிருந்து மெதுவாக மேலே ஏறி வாருங்கள். கூட்டம் இறங்கும்போது நீங்கள் எதிர்த்திசையில் ஏறிக்கொண்டிருப்பீர்கள். சஜாஷிக்கு வரும்போது நாலு மணி ஆகியிருக்க வேண்டும்.

சஜாஷியில் தெரு என்று ஒன்று ஒழுங்காகக் கிடையாது. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் மாடு போகிற வழிதான். கருஞ்சாம்பல் நிறப் பட்டைக்கல்லை அடுக்கிய சுவர்கள். மெஸ்தியாவை விட இங்கே கல் கறுப்பு. கிட்டப் போய்ச் சுவரைப் பாருங்கள். மூலைகளில் மட்டும் பெரிய, ஓரளவு செதுக்கிய கற்கள், நடுவில் கைக்குக் கிடைத்த பட்டைகள். சின்னச் சின்ன இடைவெளியில் செருகிய சில்லுகள். சில வீடுகளுக்குப் பழைய கல்பாளக் கூரை, சிலவற்றுக்குத் துருப்பிடித்த தகரம். தகரத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. பனி வழுக்கி விழ அதுதான் வசதி, விலையும் குறைவு. அங்கே இருப்பது அவர்கள்தானே.

பாதி வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. கூரை விழுந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கலாம், உள்ளே போகாதீர்கள். மேலே கல் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. சாவி வைத்திருக்கும் குடும்பம் சில கோபுரங்களில் காசு வாங்கிக்கொண்டு ஏற விடும். ஏணி செங்குத்து, ஓட்டை குறுகல், உள்ளே கும்மிருட்டு. தோள்பையைக் கீழே வைத்துவிட்டு, போன் டார்ச்சை வாயில் கவ்வாமல், தலையில் மாட்டும் விளக்கோடு ஏறுங்கள். கொஞ்சம் தொப்பை உள்ளவர்கள் முதல் ஓட்டையிலேயே முடிவெடுத்துவிடலாம். நான் மூன்றாம் நிலையோடு நிறுத்திக்கொண்டேன்.

மேலே குன்றில் இடிந்து நிற்பதைத் தாமர் அரசியின் கோட்டை என்பார்கள். தாமர் 1184 முதல் 1213 வரை ஜார்ஜியாவை ஆண்டவர். ஸ்வானெத்தியில் பழைய கட்டடம் எது நின்றாலும் அவர் பெயரைச் சொல்லிவிடுவது வழக்கம், நம் ஊரில் பாண்டவர் படுக்கை, பீமன் குகை என்பது போல. ஏறினால் கீழே நான்கு கிராமமும் ஒரே பார்வையில் விழும்.

ஐந்து மணிக்கு மேல் வேன்கள் போய்விடும். அப்புறம்தான் ஊர் திறக்கும். மாடுகள் தாமாகவே மேய்ச்சலிலிருந்து இறங்கி வரும், ஒவ்வொன்றும் அதனதன் வீட்டு வாசலில் நின்று கத்தும். பெண்கள் வாளியோடு வெளியே வருவார்கள். அடுப்புப் புகை கோபுரத்தின் பாதி உயரத்தில் கோடாக நிற்கும். பள்ளத்தாக்கின் தலைமாட்டில் 5,190 மீட்டரைத் தாண்டும் ஷ்காரா, ஜார்ஜியாவிலேயே உயரமான சிகரம், ஊரெல்லாம் இருட்டிய பிறகும் பத்து நிமிஷம் ரோஸ் நிறத்தில் இருக்கும். பகல் வேனில் வருகிறவர்களுக்கு இது எதுவும் கிடையாது.

தங்குவது, சாப்பிடுவது

எல்லாம் வீடுகளை விடுதியாக்கியவை. ராத்திரிச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து விலை பேசுங்கள், வெளியே கடை தேடுவது வீண். வெந்நீர் உண்டா, அறைக்குள் கணப்பு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செப்டம்பரிலேயே ராத்திரி குளிர் எலும்பில் இறங்கும். மின்சாரம் போகும், வரும். பவர் பேங்க் வேண்டும். கழிவறையில் காகிதம்தான். நம் ஆட்களுக்கு ஒரு மக் அல்லது காலி பாட்டில், சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்கும் குறைவில்லை. உருளைக்கிழங்கையும் பாலாடைக்கட்டியையும் சூடாக மசித்து, கரண்டியில் எடுத்தால் முழ நீளத்துக்கு இழுபடும் தஷ்மிஜாபி. சோளமாவில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட சிவிஷ்தாரி. பீன்ஸ் குழம்பான லோபியோ கிட்டத்தட்ட நம் மொச்சைக் குழம்பு, புளி மட்டும் இல்லை. அசைவத்துக்குப் பேர்போனது குப்தாரி, கறியை நறுக்கி உள்ளே வைத்துச் சுட்ட ரொட்டி. அரைத்த கறி இல்லை, நறுக்கியதுதான் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்வார்கள். மாட்டுக்கறியோ பன்றிக்கறியோ இரண்டும் கலந்தோ இருக்கும். சாப்பிடாதவர்கள் ஆர்டர் செய்யும்போதே கேளுங்கள்.

எல்லாவற்றிலும் ஸ்வான் உப்பு விழும். இதைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் என்னால் போக முடியாது. உப்போடு பூண்டு, கொத்தமல்லி விதை, மலைகளில் வளரும் நீல வெந்தயம், சதகுப்பை, மிளகாய், காய்ந்த சாமந்தி இதழ் எல்லாம் சேர்த்து இடித்த பொடி. மலைக்கு உப்பு வருவது கஷ்டமாக இருந்த காலத்தில், கொஞ்ச உப்பை நிறைய ருசியாக்க வந்த வழி என்கிறார்கள். நான் தங்கிய வீட்டுப் பாட்டி அதை மர உரலில் இடித்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தேன். ஒரு நொடிக்கு எங்கள் வீட்டு இட்லிப் பொடி டப்பாவைத் திறந்த வாசனை. பூண்டும் வெந்தயமும் கொத்தமல்லியும்தான், வேறென்ன. பாட்டிக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஸ்வான் மொழி தெரியாது. நான் உலக்கையை வாங்கி நாலு இடி இடித்துக் காட்டியதும் சத்தமாகச் சிரித்தார். அந்த ராத்திரி என் தட்டில் எல்லாமே இரண்டு மடங்கு விழுந்தது.

சாப்பாட்டோடு வீட்டில் காய்ச்சிய சரக்கையும் நீட்டுவார்கள். குடிக்காதவர்கள் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் போதும், வற்புறுத்த மாட்டார்கள். குடிப்பவர்கள், வீட்டுக்காரர் வாழ்த்துச் சொல்லி முடிக்கும் முன் வாயில் வைக்காதீர்கள். வாழ்த்து நீளமாக இருக்கும்.

மறுநாள் காலை: ஷ்காரா பக்கம்

காலை ஏழரைக்குக் கிளம்புங்கள். ஜிபியானிக்கு மேலே மேட்டில் லமாரியா கோவில், மதிலும் கோபுரமுமாக. மரியாளின் கோவில்தான். ஆனால் அடுப்புக்கும் பெண்களுக்கும் காவலான ஒரு நாட்டுப்புறத் தெய்வத்துக்கும் இந்த மலையில் இதே பெயர். பெண்கள் தலையில் துண்டும், கால்சட்டைக்கு மேல் சுற்றிக்கொள்ள ஒரு சால்வையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு அரைக்கால்சட்டை ஆகாது. உள்ளே படம் எடுக்கக் கூடாது.

அங்கிருந்து எங்குரியை ஒட்டியே பனியாற்றின் அடி வரை நடக்கலாம். ஒரு வழி சுமார் எட்டு கிலோமீட்டர். ஏற்றம் குறைவு, வழி தப்பவும் வழியில்லை, ஆற்றை விடாமல் பிடித்துப் போனால் சரி. போய்வர ஐந்தாறு மணி நேரம். நடக்க முடியாதவர்களுக்குக் குதிரையோ, பாதி தூரம் ஜீப்போ கிடைக்கும். பனிச்சுவருக்கு அடியில் போய் நின்று படம் எடுக்க ஆசை வரும். மேலிருந்து கல் உருண்டுகொண்டே இருக்கும் இடம் அது. சத்தம் கேட்கும் தூரத்தில் நில்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மதியத்துக்கு மேல் மலையில் மழை கட்டும் என்பதால் மழைச்சட்டை பையில் இருக்கட்டும். செருப்பு, ஓட்டப்பந்தய ஷூ இரண்டுமே வேண்டாம், கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ்.

நாய்கள். ஊர்நாய்கள் சாது, உங்களோடு பனியாறு வரை துணைக்கு வரும். ஆட்டு மந்தையோடு இருக்கும் காவல் நாய் வேறு ஜாதி, கன்றுக்குட்டி அளவு இருக்கும். மந்தையைக் கண்டால் சுற்றிப் போங்கள். ஓடாதீர்கள். மேய்ப்பவர் கூப்பிடும் வரை நின்றுவிடுங்கள்.

மனிதர்களிடம்

ஸ்வான் மொழி ஜார்ஜிய மொழிக்கு உறவுதான், ஆனால் ஸ்வான்காரர் பேசினால் திபிலீசிக்காரருக்குப் புரியாது. அதற்கென்று எழுத்துவழக்கும் இல்லை, வீட்டிலும் தெருவிலும்தான் உயிரோடு இருக்கிறது. ‘கமர்ஜோபா’ என்றால் ஜார்ஜிய மொழியில் வணக்கம், ‘மத்லோபா’ நன்றி. ‘கோச்சா லதேக்’ என்று ஸ்வானில் நல்ல நாள் சொல்லிப் பாருங்கள். கடுகடுவென்று இருக்கும் முகம் அப்படியே மாறும்.

ஸ்வானெத்தி ஆபத்தான இடம் என்று பழைய குறிப்புகளில் படித்திருப்பீர்கள். 1990களில் வழிப்பறி உண்மையிலேயே இருந்தது. 2004இல் அரசு போலீசை இறக்கி ஒடுக்கியபின் நிலைமை மாறிவிட்டது. இன்றைக்குப் பெண்கள் தனியாகவும் வருகிறார்கள். வழக்கமான ஜாக்கிரதை போதும்.

படம் எடுக்கும்போது ஒரு விஷயம். இடிந்த கோபுரத்தையும் பனிச்சிகரத்தையும் எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள். மாடு கறக்கும் பெண்ணையும் முற்றத்தில் காயும் துணியையும் கேட்காமல் எடுக்காதீர்கள். நம் வீட்டு வாசலில் நாளைக்கு நூறு பேர் வந்து அப்படி நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்கு முதல் தடவை தோன்றவே இல்லை.

கிளம்பும் நாள், டெலிகாக்காரருக்கு முந்தின ராத்திரியே செய்தி அனுப்பிவிடுங்கள். திரும்பும் வேன்கள் மூன்று நாலு மணிக்குத்தான் கிளம்பும், அதுவரை அறையில் பையை வைத்துக்கொள்ள விடுவார்கள். ஸ்வான் உப்பை மெஸ்தியா கடைத்தெருவில் வாங்காமல் தங்கிய வீட்டிலேயே கேட்டு வாங்குங்கள், இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, துணிமணியோடு சேராமல் தனியாக வையுங்கள். நான் கட்டாமல் வைத்துவிட்டேன். ஷார்ஜா வந்து பெட்டியைத் திறந்தால் சட்டையெல்லாம் பூண்டு வாசம், மூன்று துவைப்புக்குத் தாங்கியது.